சூடம் அணைக்காத ஓட்டு

வால்பாறை,
9.8.2025, சனிக்கிழமை

மாமாவுக்கு,

‘அன்புள்ள’ என்று தொடங்க மனசு வரவில்லை. சமாதானம் ஆனால் பிறகு சேர்த்துக்கொள்கிறேன்.

ஆழியாறு செக்போஸ்ட் தாண்டியதுமே எங்கள் போன்களை வாங்கிவிட்டார்கள். எங்களை பஸ்ஸில் ஏற்றிய மோகன்குமாரின் மச்சான் ஒரு பெயிண்ட் வாளியை நீட்டிக்கொண்டு சீட்டுச் சீட்டாக வந்தான். “பதினெட்டாந்தேதி தலைவர் எலெக்‌ஷன் முடிஞ்சதும் குடுத்தர்றோமுங்க அக்கா” என்று மரியாதையாகத்தான் கேட்டான். பதினோரு கவுன்சிலர்களின் போனும் அந்த வாளிக்குள் போய்விட்டது. தங்கியிருப்பது ஒரு டீ எஸ்டேட் பங்களா. வேளாவேளைக்குக் கறியும் மீனும் வருகிறது. கேட்டை மட்டும் வெளியே பூட்டியிருக்கிறார்கள்.

இங்கே காய்கறி இறக்க வந்த டெம்போவிலிருந்து உங்கள் சிநேகிதர் பிரான்சிஸ் இறங்கினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்தக் கடிதம் அவர் சட்டைப் பையில் வருகிறது. பதில் எழுதினால் தக்காளிக் கூடையின் அடியில் வைக்கச் சொல்லுங்கள். பொழுது போகவில்லை, காய் நறுக்குகிறேன் என்று சமையல்கட்டில் இடம் பிடித்துவிட்டேன்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன், ஏனென்றால் தெரிந்தும்தான் நீங்கள் இப்படிச் செய்தீர்கள். ரங்கநாயகி அக்கா தலைவர் பதவியை ஏன் ராஜினாமா செய்தார்? சர்க்கரை வியாதி என்பது பேப்பருக்குச் சொன்னது. நம் வார்டை ஒட்டிய பள்ளத்துக்காட்டில் குப்பைக் கிடங்கு அமைக்கும் ஃபைலில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார், இருக்க விடவில்லை. அந்தக் காடு மோகன்குமாருடைய நிலம். அந்த நாற்காலியில் இப்போது அவர் மனைவி லோகப்பிரியாவை உட்கார வைக்கத்தான் இந்த பஸ். மலையடிவாரத்தில் குப்பை கொட்டினால் யானை வரும். போன வருசம் ஒரு மூட்டை ரேசன் அரிசிக்காக மாரியாத்தாள் வீட்டுச் சுவரைத் தள்ளியது நம் தெருவில்தானே? இவ்வளவும் தெரிந்த நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் ஓட்டுக்கு வாக்குக் கொடுத்தீர்கள். துணிப்பையையும் கட்டி, பஸ்ஸிலும் ஏற்றிவிட்டீர்கள்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். வரும் வழியில் ஆனைமலையில் பஸ்ஸை நிறுத்தி, மாசாணியம்மன் கோயில் வாசலில் ஒவ்வொருவராகச் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தார்கள். லோகப்பிரியா தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்பது பேர் அணைத்தார்கள். நான் எழுந்ததும், “நீங்க வண்டியிலேயே இருங்க அக்கா, உங்களுக்குச் சாமி வேற” என்று தடுத்துவிட்டார்கள். வாக்காளர் பட்டியலில் ‘பொற்கொடி ஆல்வின்’ என்று இருப்பதால் என்னை வேதக்காரி என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்த அம்மன் எங்கள் அப்பன் வீட்டுக் குலசாமி. நான் நியாயம் கேட்டு மிளகாய் அரைத்து வழிபட்ட சாமி. அவர்கள் கணக்கு அப்படியே இருக்கட்டும் என்று உட்கார்ந்துகொண்டேன்.

பொற்கொடி


கரட்டுப்புதூர்,
11.8.2025

அன்புள்ள கொடிக்கு,

நான் ‘அன்புள்ள’ போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.

பையைக் கட்டியது நான்தான். ஸ்வெட்டர் வைத்தேனா இல்லையா? அதை ஒரு வரி எழுதக் கூடாதா?

என் பக்கத்தையும் கேள் அம்மணி. என் ஒர்க் ஷாப் கூரை மூன்று வருசமாக ஒழுகுகிறது. இடத்துக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். புது பஸ் ஸ்டாண்டில் மூலைக் கடையை எனக்கே ஒதுக்கித் தருவதாக மோகன்குமார் சொன்னார். குப்பைக் கிடங்கு விசயத்தையும் கேட்காமல் விடவில்லை. “அது கைவிட்ட பிளானுங்க ஆல்வின், எவனோ கெளப்பி உடறான்” என்று தோளில் கை போட்டுச் சொன்னார். இருபது வருசமாக அவர் வீட்டு வண்டிகளுக்கு ஆயில் மாற்றுகிறேன், ஒரு நாள் தோளில் கை போட்டதில்லை. நாலு பேர் முன்னால் கையடித்துச் சொல்லிவிட்டேன். இப்போது பின்வாங்கினால் இந்த ஊரில் எந்த முகத்தோடு நடப்பேன்?

இன்னொன்று. 2022-இல் உன்னை நிற்கச் சொன்னது யார்? பதினாலு நாள் கடையைப் பூட்டிவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கியது யார்? உன் மனுக்களை எல்லாம் எழுதியது யார்? ஊரில் என்னைத்தான் ‘கவுன்சிலரே’ என்று கூப்பிடுகிறார்கள். நான் பேசி முடித்தால் அதை நீ பேசி முடித்தது போலத்தான். குடும்பம் என்றால் அப்படித்தானே?

யுவஸ்ரீ ஹாஸ்டலிலிருந்து போன் செய்தாள். அம்மா டூர் போயிருக்கிறாள் என்றேன். “எந்த டூர்ப்பா போனைப் புடுங்கி வெப்பாங்க?” என்று கேட்டு வைத்துவிட்டாள். இரண்டு பேரும் ஒரே மாதிரி.

ஆல்வின்


வால்பாறை,
12.8.2025

மாமாவுக்கு,

ஸ்வெட்டர் வைத்தீர்கள். நன்றி. குளிருக்கு ஆகிறது. கோபத்துக்கு ஆகவில்லை.

முதல் வருசம் மனுக்களை எழுதியது நீங்கள்தான், மறுக்கவில்லை. அதற்குப் பிறகு யார் எழுதினார்கள் என்பதை நீங்கள் கவனிக்கவே இல்லை. எட்டு குழாயடிக்கும் நானே போய்க் கணக்கெடுத்து, பதினாலு நாளுக்கு ஒரு தடவை வந்த தண்ணீரை ஆறு நாளாக்கினேன். அப்போதும் ஊர் உங்களைத்தான் கவுன்சிலரே என்றது. நானும் போகட்டும் என்று விட்டேன். அந்த விட்டதில் வளர்ந்ததுதான் இது. நாளைக்கு ஏதாவது பத்திரத்தில் என் கைரேகையையும் நீங்களே வைத்துவிடுவீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை என் பங்குச் சத்தியத்துக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். பக்கத்துச் சர்ச்சுக்கு என்னை மட்டும் ஜீப்பில் கூட்டிப் போனார்கள். மச்சான்காரன் வேதப்புத்தகத்தைக் கேட்டான். வயதான ஃபாதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “ஓட்டுக்கு ஜாமீன் போடறதுக்கு இது ரேசன் கார்டு இல்லீங்க தம்பி” என்றார். எனக்கு அவரைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் அவன் புலம்பல்: “பரவால்லீங்க அக்கா, மாமா வாக்குக் குடுத்திருக்காருல்ல, அது போதும்.” அவர்கள் பூட்டுகளிலேயே பெரிய பூட்டு நீங்கள்தான் மாமா. அது எனக்கு வலிக்கிறது.

என் அறையில் கூடத் தங்கியிருப்பது லோகப்பிரியா. நல்ல பெண். ஆர்.எஸ்.புரத்தில் பிறந்து வளர்ந்து பி.காம். படித்தவள். மூன்று வருசக் கவுன்சிலர், கூட்டத்தில் வாயைத் திறந்ததே இல்லை. நேற்று துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: “ஏனுங்க அக்கா, தலைவரானா ஃபைலை எல்லாம் படிக்கோணுமுங்களா?” படிக்க வேண்டியதுதானே வேலை என்றேன். “எனக்கு அந்த வேலை இல்லீங்க. நாப்பது வெத்துத் தாள்ல இப்பவே கையெழுத்து வாங்கி வெச்சுட்டாரு” என்றாள். அழவில்லை. சாதாரணமாகச் சொன்னாள்.

அதனால் சொல்கிறேன். நான் அவளுக்கு ஓட்டுப் போடப் போவதில்லை. நான் யாருக்கும் சத்தியம் செய்யவில்லை. செய்தவர் நீங்கள், உங்களுக்கு நகர்மன்றத்தில் ஓட்டு இல்லை.

பொற்கொடி


கரட்டுப்புதூர்,
13.8.2025

கொடி,

பிரான்சிஸ் வண்டி கிளம்பும் அவசரத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

திங்கட்கிழமையிலிருந்து பள்ளத்துக்காட்டில் டிராக்டர் ஓடுகிறது. மண் அடிக்கிறார்கள் என்று நினைத்தேன். இன்று விடியக்காலை ஐந்தரை மணிக்குப் பல் தேய்க்க வெளியே வந்தால் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் யானை நிற்கிறது. பெரியது ஒன்று, குட்டி ஒன்று. ஓட்டல் எச்சில் இலை, அழுகிய பழம், பிளாஸ்டிக் பையோடு மலைபோல் கொட்டி வைத்திருக்கிறார்கள். அதைத் தின்றுவிட்டுத் தண்ணீருக்கு வந்திருக்கின்றன. பாப்பாயி அம்மாள் பால் பாத்திரத்தோடு எதிரே வந்துகொண்டிருந்தார். நான் கத்தினேன். அந்த அம்மாள் அப்படியே சாக்கடைக்குள் உட்கார்ந்துவிட்டார். யானை என்ன நினைத்ததோ, திரும்பிவிட்டது. உனக்கும் எனக்கும் தெரிந்த ஒரு உயிர் என் கண் முன்னால் போக இருந்தது.

பத்து மணிக்கு மோகன்குமார் வீட்டுக்குப் போனேன். கைவிட்ட பிளான் என்றீர்களே என்று கேட்டேன். உட்காரச் சொல்லவில்லை. “ஆல்வினு, உன்ற ஊட்டுக்காரி பஸ்ஸுல இருக்கறா, ஓட்டு என்ற பைல இருக்குது. நீ இங்க வந்து சத்தம் போட்டு என்ன ஆவப்போகுது? போயி கடையைப் பாரு” என்றார். அவர் குரலை உயர்த்தக்கூட இல்லை.

நான் கடைக்குப் போகவில்லை. பள்ளத்துக்காட்டு வேலியோரம் ரொம்ப நேரம் நின்றேன். உன் ஓட்டை நான் கொண்டுபோய் அந்த ஆள் பையில் போட்டிருக்கிறேன். மூலைக் கடைக்காகப் போட்டேன். அதைவிட அந்தத் தோளில் விழுந்த கைக்காகப் போட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. தப்புச் செய்துவிட்டேன் கொடி. என்ன செய்யட்டும், சொல்.

ஆல்வின்


வால்பாறை,
14.8.2025

அன்புள்ள மாமாவுக்கு,

சேர்த்துவிட்டேன்.

பாப்பாயி அம்மாளைச் சாக்கடையிலிருந்து தூக்கி உட்கார வைத்து ஒரு டீ வாங்கிக் கொடுத்தீர்களா? இல்லையென்றால் இன்றாவது போய்ப் பாருங்கள்.

என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருசத்தில் நீங்கள் என்னைக் கேட்ட முதல் அரசியல் கேள்வி. பதில் என்னிடம் தயாராக இருக்கிறது, நாலு நாளாகக் கேரட் நறுக்கிக்கொண்டே யோசித்துவைத்தேன்.

துணைத்தலைவர் அங்கப்பன் அண்ணன் பக்கம் பத்து பேர். இந்தப் பக்கம் பதினோரு பேர். நான் அந்தப் பக்கம் போய் ஓட்டு மட்டும் போட்டால் அவர்கள் நிறுத்தும் சண்முகப்பிரியா தலைவர் ஆவாள். ஆனால் அவர்களும் நாளைக்கு வேறொரு காட்டைத் தேடுவார்கள், நான் திரும்பவும் யாராவது பஸ்ஸில் ஏறுவேன். அதனால் நான் ஓட்டு மட்டும் போடப் போவதில்லை. நிற்கப் போகிறேன். தலைவர் பதவிக்கு என் பெயரை அவர்கள் முன்மொழிய வேண்டும். அவர்களுடைய பத்தும் என்னுடைய ஒன்றும் சேர்ந்தால் பதினொன்று. நானில்லாமல் அவர்களுக்குப் பத்துதான், அது தோல்விக் கணக்கு என்று அங்கப்பன் அண்ணனுக்கு நன்றாகவே தெரியும்.

நீங்கள் நேரில் போங்கள். பள்ளத்துக்காட்டு ஃபைலைத் திருப்பி அனுப்புவேன், கொட்டிய குப்பையை அள்ளவைப்பேன், இது மட்டும் என் வாக்கு என்று சொல்லுங்கள். வேறு எதையாவது அவர் கேட்டால் ‘கொடியைக் கேட்கோணும்’ என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். நீங்களாக ஒரு டீயைக்கூட ஒப்புக்கொள்ளாதீர்கள். மோகன்குமாரிடம் மூச்சு விடாதீர்கள். தெரிந்தால் என்னை இந்தப் பங்களாவை விட்டு இறக்கவே மாட்டார்கள்.

பயமாக இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. இல்லை. சாமி சத்தியமாக இல்லை.

உங்கள் கொடி


கரட்டுப்புதூர்,
16.8.2025

அன்புள்ள கொடிக்கு,

பாப்பாயி அம்மாளுக்கு டீ அன்றைக்கே ஆயிற்று. முட்டியில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. “அம்மணி எப்பத்தான் வருவா?” என்று மூன்று தடவை கேட்டுவிட்டார்.

நேற்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடிந்ததும் அங்கப்பன் வீட்டுக்குப் போனேன். சண்முகப்பிரியாவும் இருந்தது. நீ எழுதியதை எழுதியபடியே சொன்னேன். அங்கப்பன் அண்ணன் ரொம்ப நேரம் மீசையைத் தடவினார். “சரீங்க. ஆனா டெண்டர் கமிட்டி எங்க பக்கம் இருக்கோணும். ஊட்டுக்காரம்மா சார்பா நீங்க ஒரு வாக்குக் குடுத்துருங்க” என்றார். என் கை பாதி தூரம் நீண்டுவிட்டது கொடி, பழக்க தோசம். பிறகு மடக்கிக்கொண்டேன். “நான் ஏற்கெனவே ஒரு வாக்குக் குடுத்துக் கெட்டவனுங்க. அவளைத்தானுங்க கேக்கோணும்” என்றேன். அவர் முகத்தைச் சுளித்தார்.

அங்கே காரியத்தை முடித்தது சண்முகப்பிரியா. வேட்பாளர் என்று அதற்கு ஏற்கெனவே போஸ்டர் அடித்திருந்தார்கள். கண் கலங்கித்தான் இருந்தது. “பத்து ஓட்டு வாங்கித் தோக்கறதுக்கு அக்கா பேரை நானே முன்மொழிஞ்சுபோட்டுப் போறனுங்க. அவிய குழாயடி குழாயடியா நின்னதை நான் பாத்திருக்கறனுங்க” என்றது. டெண்டர் கமிட்டிப் பேச்சை விட்டுவிட்டு அண்ணனும் தலையாட்டிவிட்டார். ரங்கநாயகி அக்காவும் போனில் சரி சொல்லிவிட்டார். வழிமொழிவது அவர்தான், கவுன்சிலர் பதவியை அவர் விடவில்லையே.

எல்லாம் நீ சொன்னபடியே நடந்தது. எனக்குப் பெருமையாக இருக்கிறது. கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது. பதினெட்டாம் தேதி நகராட்சி ஆபீஸ் கேட்டில் நிற்பேன். நீ என்னைப் பார்க்காதே, பார்த்தால் நான் சிரித்துவிடுவேன், காரியம் கெட்டுவிடும்.

ஆல்வின்


நகர்மன்றத் தலைவர் அறை,
கரட்டுப்புதூர் நகராட்சி,
19.8.2025

மாமாவுக்கு,

நேற்று ராத்திரி நான் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டு போத்தனூரில் உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டீர்கள். போனையும் எடுப்பதில்லை. இப்போது போன் இருந்தும் கடிதம் எழுதும்படி ஆகிவிட்டது. அதுவும் நல்லதற்குத்தான். நேரில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள்.

உள்ளே நடந்ததை நீங்கள் என் வாயால் கேட்கவே இல்லை, அதனால் முதலில் அது. கமிஷனர் பெயர் கேட்டார். சண்முகப்பிரியா எழுந்து ‘பொற்கொடி ஆல்வின்’ என்றாள். மோகன்குமாரின் மச்சான் ஜன்னலுக்கு வெளியே தலையில் கை வைத்துக்கொண்டான். ரகசிய ஓட்டு. எண்ணி முடித்ததும் கமிஷனர் படித்தார்: பொற்கொடி பன்னிரண்டு, லோகப்பிரியா ஒன்பது.

பதினொன்றுதானே எங்கள் கணக்கு. பன்னிரண்டாவது யார் என்று மோகன்குமார் ஆட்கள் அங்கேயே ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்தார்கள். ஆனைமலையில் சூடம் அணைத்தது ஒன்பது பேர், அந்த ஒன்பதும் அப்படியே விழுந்திருக்கிறது. அணைக்காதவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற வேட்பாளர். அவளையே சத்தியம் செய்யச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வெளியே வரும்போது லோகப்பிரியா என் கையைப் பிடித்து, “நீங்க படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுவீங்கல்லங்க அக்கா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள், அவள் அந்த வீட்டில்தான் இருக்க வேண்டும்.

இனி என் கோபம். உறுதிமொழி எடுத்துவிட்டு மாடி ஜன்னலுக்கு வந்தேன். கீழே கேட்டில் பட்டாசு. மாலை எல்லாம் உங்கள் கழுத்தில். ‘தலைவரே, தலைவரே’ என்று கூப்பிடுகிறார்கள், நீங்கள் ஒரு ஜீப்பின் மேல் ஏறி நின்று கும்பிடுகிறீர்கள். காலையில் பேப்பரில் உங்கள் படம் வந்திருக்கிறது, என் படம் இல்லை. நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்கு அழுகை வந்தது என்பதும் உண்மை. அந்த மாலையில் ஒரு பூகூட உங்களுக்காகக் கட்டியது இல்லை என்று ராத்திரி சொன்னது அதனால்தான்.

இந்த அறையில் தலைவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே அதைவிடப் பெரிதாக இன்னொரு நாற்காலி கிடந்தது. “தலைவர் ஊட்டுக்காரருக்குங்க, எப்பவும் இருக்கறதுதான்” என்றார் உதவியாளர். மனு கொடுக்க வருகிறவர்கள் உட்கார அதை வராந்தாவில் போடச் சொல்லிவிட்டேன். பள்ளத்துக்காட்டு ஃபைலை முழுக்கப் படித்து, ‘குடியிருப்பும் யானை வழியும் இருப்பதால் நிராகரிக்கப்படுகிறது’ என்று எழுதித் திருப்பினேன். குப்பையை அள்ள லாரி மூன்று மணிக்குப் போய்விட்டது.

அண்ணன் வீட்டில் எத்தனை நாள் வேண்டுமானாலும் இருங்கள். இந்த அறைக்கு என் வீட்டுக்காரராக வர வேண்டாம். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாள், எல்லோரையும் போல வரிசையில் வரலாம்.

பொற்கொடி


25.8.2025

அனுப்புநர்:
அ. ஆல்வின்,
டூவீலர் மெக்கானிக்,
9-வது வார்டு, கரட்டுப்புதூர்.

பெறுநர்:
நகர்மன்றத் தலைவர் அவர்கள்,
கரட்டுப்புதூர் நகராட்சி.

பொருள்: தெருவிளக்கு சரிசெய்தல், மன்னிப்பு வழங்குதல், வீடு திரும்ப அனுமதித்தல் – வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

நான் மேற்கண்ட முகவரியில் இருபத்திரண்டு வருடங்களாக மனைவியோடு குடியிருந்து வருகிறேன். தற்சமயம் ஆறு நாட்களாகப் போத்தனூரில் இருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள தெருவிளக்கு மார்ச் மாதத்திலிருந்து எரியவில்லை. கவுன்சிலர் வீடு என்பதால் புகார் கொடுக்க எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. யானை வரும் தெரு என்பதால் இப்போது கொடுக்கிறேன்.

எனக்கு டோக்கன் எண் நாற்பத்தொன்று. காலை ஒன்பது மணிக்கு வந்தேன். முன்னால் நின்ற ஒருவர், “தலைவர் ஊட்டுக்காரருதானுங்க? நீங்க நேரா உள்ள போலாமுல்லங்க?” என்று கேட்டார். “அது அவிய ஆபீசுங்க” என்று சொன்னேன். சொல்லும்போது கஷ்டமாகத்தான் இருந்தது. சொல்லி முடித்ததும் இல்லை.

மேலும், ஜீப்பின் மேல் நின்ற அந்தப் பத்து நிமிடமும் எனக்கு ரொம்ப நன்றாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. இறங்கியபின் மாலையில் இருந்த பூ ஒன்றுகூட எனக்காகக் கட்டியது இல்லை என்று தெரிந்தது. அதைத் தாங்கள் சொல்லித் தெரிந்துகொண்டதால்தான் கோபம் வந்தது. என்னுடையது அல்லாத ஓட்டுக்கு வாக்குக் கொடுத்ததும், என்னுடையது அல்லாத வெற்றிக்குக் கும்பிட்டதும் தப்பு. அண்ணி நன்றாகத்தான் சமைக்கிறார். சாப்பாடு இறங்கவில்லை.

ஆகவே தாங்கள் மேற்படி மூன்று கோரிக்கைகளையும் பரிசீலித்து ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அ. ஆல்வின்


(மனுவின் ஓரத்தில், பச்சை மையில்)

தெருவிளக்கு: உதவிப் பொறியாளர் இன்றே புதிய விளக்குப் பொருத்தித் தகவல் தரவும்.

மன்னிப்பு: மனுதாரர் உண்மையை மறைக்காமல் எழுதியிருப்பதால் வழங்கப்படுகிறது.

வீடு திரும்ப அனுமதி: இது நகர்மன்றத் தலைவரின் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல. மனுதாரர் தம் மனைவியை நேரில் அணுகவும். அவர் மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டில் இருப்பார். கதவு திறந்திருக்கும்.

பொற்கொடி
நகர்மன்றத் தலைவர்